ஸ்பானரக்காவின் அறையில் சக்கரம் கழன்ற ஒரு நாற்காலி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, மனநலப் பிரிவின் டாக்டரம்மா அவர்களே, முன்வரிசையில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருக்கும் அக்காவின் தங்கை அவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோடு ஒட்டி நிற்கும் வார்டு ஊழியர்களே, செவிலியர்களே, சொந்தச் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டதால் இடம் தேடும் கவலையே இல்லாத பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த லிஃப்ட்காரனின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் கையில் தாள் வைத்திருந்தார்கள். எனக்குத் தாள் வேண்டாம். கொடுத்தாலும் அது எனக்கு விசிறிதான். லிஃப்டில்கூட எண்ணைப் படித்து பட்டனை அமுக்கியவன் இல்லை நான். இடம் பார்த்து அமுக்கியவன். ஆனால் யார் எந்த மாடியில் இறங்கினார்கள், என்ன முகத்தோடு இறங்கினார்கள் என்பது எனக்கு மறக்காது. அந்த நினைவிலிருந்து பேசுகிறேன். பேச்சு முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா போன நாளிலிருந்து என் தலைக்குள் ஒரு குழப்பம். வீட்டில் சொன்னால் "தூங்குங்க" என்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல எழுந்தேன்.

நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம்? சக்கர நாற்காலி பழுது பார்க்கும் அறையின் பொறுப்பாளராக இத்தனை காலம் இருந்து, நெஞ்சுவலி என்று ஒரு ராத்திரி படுத்து, காலையில் எழாமல் போய்விட்ட ஸ்பானரக்கா அவர்களுக்காக! மேடையில் அவரைத் தியாகச் சுடர் என்றார்கள். ஏற்கிறேன். சேவையின் சிகரம் என்றார்கள். அதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சுடரும் சிகரமும், டீயில் சர்க்கரை குறைந்தால் கேன்டீன் வரைக்கும் போய்ச் சண்டை போடும் என்பதைச் சொல்லாவிட்டால், நாம் வேறு யாருக்கோ கூட்டம் போட்டதாக ஆகிவிடும். சத்தம் போடுவார். வேலை நடுவே பாடுவார், அதுவும் சத்தம்தான்.

அவருடைய அறை என் லிஃப்டுக்கு அடுத்த கதவு. எனக்கு அவரைவிட வயது பத்துக்கு மேல் கூடுதல். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் கேட்டே விட்டார்.

"உங்களுக்கு நான் அக்காவா? கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?"

"ஆஸ்பத்திரியே கூப்பிடுது. நான் மட்டும் தங்கச்சின்னா நல்லாவா இருக்கும்?"

"சரி, அப்ப அக்கா சொல் பேச்சைக் கேளுங்க. லிஃப்டைப் பிடிச்சு வைங்க, ரெண்டு நாற்காலி மேலே போகணும்."

இப்படிப்பட்டவரை ஊரில் உள்ளவர்கள் எதற்காகத் தேடி வந்தார்கள்? நாற்காலிக்காகவா? இல்லை. பிள்ளைகளுக்காக! பதின்மூன்று, பதினாலு, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. ஆனால் படுக்கையை விட்டு எழ மாட்டேன் என்கிற பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகாத, பேசாத, கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிற பிள்ளைகள். இவர்களுக்கும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய காரியம் எல்லாம் தொடங்கியது அக்கா செய்த ஒரு தவறில்தான்.

அன்றைக்கு நாற்காலி தள்ள ஸ்டோரிலிருந்து ஒரு பையனை அனுப்புகிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அதே நேரம் மனநலப் பிரிவுக்குக் காட்ட ஒரு அம்மா தன் பையனைக் கூட்டி வந்திருந்தார். அம்மா சீட்டு வாங்கப் போனார். பையன் நிற்கவும் தெம்பில்லாதவன் போல, வராந்தாவில் பழுது முடிந்து நின்ற ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அக்கா வெளியே வந்தார். பார்த்தார். பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, வேலைக்கு அனுப்பினா வந்து உட்கார்ந்துக்குவியா? எழுந்திரு! இதை நாலாவது மாடிக்குத் தள்ளு. அங்க ஒருத்தர் பாத்ரூம் போக முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கார்."

பையன் தன்னைத்தானா என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"என்ன முழிக்கறே? உனக்கு வந்தா அடக்கி வைப்பியா?"

எழுந்தான். தள்ளிக்கொண்டு என் லிஃப்டுக்குள் வந்தான். இரண்டாவது மாடி தாண்டும்போது, "இது இவ்வளவு மெதுவாத்தான் போகுமா?" என்றான். "இது லிஃப்ட் தம்பி, ராக்கெட் இல்லை" என்றேன். நெற்றியில் வேர்த்திருந்தது அவனுக்கு. யாருக்காக? முகம் தெரியாத ஒருவருடைய வயிற்றுக்காக!

கீழே அந்த அம்மா சீட்டோடு வந்து, பையனைக் காணோம் என்று அழுகிறார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, உங்க பையனா? நான் ஸ்டோர் ஆளுன்னுல்ல நினைச்சேன்!" மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் அவன் தனியாக வந்தான். பல மாதமாக வீட்டு வாசலைத் தாண்டாத பையன். அக்காவின் கதவோரம் நின்று கேட்டான்: "அவர் பாத்ரூம் போயிட்டாரா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். பிறகு சொன்னார்: "போயிட்டாரே. நாளைக்கும் போகணுமாம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அக்காவும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தப் பையன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். டாக்டரம்மா கேள்விப்பட்டு இறங்கி வந்து அக்காவிடம் என்ன நடந்தது என்று விசாரித்தார்கள். "எனக்கே தெரியலை டாக்டர், நான் திட்டினேன், அவன் தள்ளினான்" என்றார் அக்கா. அதிலிருந்துதான் டாக்டரம்மா ஒவ்வொரு பிள்ளையாக அனுப்ப ஆரம்பித்தார்கள். மருந்தும் மாடியில் நடந்தது, பேச்சும் மாடியில் நடந்தது. கீழே நாற்காலியும் நடந்தது.

அங்கே ஒரு முறை இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருகிற ஒரு மனிதர். அவருடைய சம்மதம் இருக்கிறவரைக்கும் அந்த நாற்காலியை வேறு யாரும் தொடக்கூடாது, அக்காவும் தொடமாட்டார். பழுது பார்த்து முடித்ததும் பிள்ளை அதில் தானே உட்கார்ந்து, அந்த மனிதர் தினம் போகிற வழியெல்லாம் கையால் உருட்டிக்கொண்டு போய் வரவேண்டும். போய்விட்டு வந்து கத்துவார்கள் பாருங்கள்! "அக்கா, அந்த மருந்துக்கடை முன்னால சாக்கடை மூடி தூக்கிக்கிட்டு நிக்குது! இத்தனை நாள் அவர் எப்படித்தான் போனார்?" சாப்பிடு என்றால் சாப்பிடாத பிள்ளை, சாக்கடை மூடிக்காக நகராட்சி ஆபீசில் போய்ச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டரம்மா சற்று முன் அழகாகச் சொன்னார்கள். வளரும் வயதில் பிள்ளைக்கு, தான் இருப்பதால் ஏதோ ஒன்று நடக்கிறது என்ற பிடிப்பு வேண்டும். வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும். அது இருந்தால் பயமும் சோர்வும் வந்தாலும் மனசு தாங்கிக்கொள்ளும் என்றார்கள். நானும் கைதட்டினேன். ஆனால் நோக்கம் என்ற சொல்லை நான் மலை மாதிரி நினைத்திருந்தேன் டாக்டரம்மா. அந்த அறையில் நான் பார்த்தது என்ன? ஒருவர் பாத்ரூம் போக வேண்டும். ஒருவர் கடைக்குப் போக வேண்டும். இவ்வளவு சின்னதா நோக்கம்? அல்லது சின்னதாக இருந்ததால்தான் அந்தப் பிள்ளைகளின் கைக்கு அடங்கியதா? எனக்குப் பிடிபடவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் அது பலித்ததா? இல்லை. நெட்டையன் என்று ஒருவன் வந்தான். மூன்று வாரம் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "அக்கா, கோச்சுக்காதீங்க. எனக்கு இங்க எதுவும் தோணலை" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அக்கா மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஏன் தோணலை? சொல்லுங்களேன், ஏன் தோணலை?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? பின்னால் ஒரு நாள் அவன் கேட்டுக்கு வெளியே தெருநாய்க்குக் கால்கட்டு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்து சொன்னேன். "நாய்க்கா? அதுக்குத்தான் நாலு கால் இருக்கே!" என்று கத்தினார். கத்திவிட்டு, கட்டுத்துணி ஒரு சுருளை என் கையில் கொடுத்து, கொண்டு போய்க் கொடுக்கச் சொன்னார்.

இன்னொரு பெண்பிள்ளை. அது நேர்மாறு. தான் பூட்டிய பிரேக் பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்று தூங்காமல் கிடந்தது. அந்த நாற்காலிக்காரருக்கு நாளெல்லாம் போன் போட்டு, பிரேக் பிடிக்குதா, பிரேக் பிடிக்குதா என்று கேட்டது. அக்கா நாற்காலியை அவளிடமிருந்து எடுத்துவிட்டார். "போய் விளையாடு. உலகம் உன் பிரேக்ல நிக்கலை" என்றார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே போயிற்று. நான் உள்ளே போய்க் கேட்டேன்.

"அதெப்படி அக்கா? ஒருத்தன்கிட்ட நீ வரலேன்னா வேலை நின்னுடும்னீங்க. இவகிட்ட நிக்காதுங்கறீங்க. எது நிஜம்?"

"ரெண்டும் நிஜம்தான். யாருக்கு எது குறையுதோ அதைச் சொல்றேன்."

"யாருக்கு எது குறையுதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தப்பாவும் சொல்லியிருக்கேன். போய் லிஃப்டைப் பாருங்க, மணி அடிக்குது."

பாருங்கள், அவருக்கே தெரியாது என்றார்! தெரியாமலே இத்தனை பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்தார் என்றால், அது என்ன வித்தை?

நாலாவது மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஐயா இதோ இடது பக்கம் இருக்கிறார். அவர் வீடு திரும்பிய பிறகும் அவருடைய நாற்காலி அந்த முதல் பையனின் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு சமயம் பையனுக்குப் பழைய சோர்வு வந்து, டயரைக் கழற்றிப் போட்டவன் வராமலே இருந்துவிட்டான். ஐயா கோபத்தோடு வண்டி பிடித்து வந்து, நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குத் தன்னைத் தூக்கிப் போகச் சொன்னார். அக்காவைக் கூப்பிட்டார்கள். தூக்கிப் போனவர்களில் நானும் ஒருவன், அதனால் காதால் கேட்டேன்.

"என்னம்மா இது? டயர் மாட்டறது ஒரு வேலையா? ஒரு சின்னப் பயலுக்கு மனசு வரணும்னு நான் வீட்டுக்குள்ளேயே கிடக்கணுமா?"

"ஆமாங்க. கிடந்தா நல்லது."

கண்காணிப்பாளர் ஐயா டீக்கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவர் அப்படியே நிறுத்திவிட்டார். நினைவிருக்கிறதா ஐயா?

அக்கா சொன்னார்: "இப்பவே வேணும்னா மாட்டித் தர்றேன். உங்க நாற்காலி, உங்க உரிமை. நான் யாருங்க தடுக்க? ஆனா நான் மாட்டிட்டா, அவன் வராட்டியும் எதுவும் நிக்கலைன்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிடும். நீங்க வீட்டுக்குள்ள கிடக்கறதுக்கு ரொம்ப முன்னாலேயே அவன் கிடக்க ஆரம்பிச்சவன். மாட்டட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

குமாஸ்தா ஐயா மேஜையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு, "இன்னும் ரெண்டு நாள் பார்க்கறேன். அந்தப் படவாகிட்ட சொல்லுங்க, நான் கோபமா இருக்கேன்னு. ரொம்பக் கோபமா இருக்கேன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா போன் போட்டுச் சொன்னார். அன்று சாயங்காலமே பையன் ஓடி வந்தான். பின்னாளில் அவனே என்னிடம் சொன்னான்: "தாத்தா, ஒருத்தர் என்மேல கோபப்பட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? எல்லாரும் என்னைப் பாவமாத்தான் பார்த்தாங்க." இன்று அவன் மின்சார வேலை பார்க்கிறான், தாடி மீசையோடு ஐயாவுக்குப் பின்னால் நிற்கிறான். ஐயா இன்னும் அவனைப் படவா என்றுதான் கூப்பிடுகிறார்.

பெரியோர்களே, இதுவரை சொன்னதெல்லாம் புகழ். இனிமேல் சொல்லப்போவதுதான் என் குழப்பம்.

அக்காவின் அறையில் இப்போது ஒரே ஒரு நாற்காலி கிடக்கிறது. இடது சக்கரம் கழன்று தனியாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது. அது முன்வரிசை ஓரத்தில் இருக்கிறாரே, அந்த டெய்லரம்மாவின் நாற்காலி. அதன் பொறுப்பு, கிரீஸ் என்று அக்கா பட்டம் வைத்த பதினாறு வயதுப் பெண்ணிடம் இருந்தது. முதல் நாளே கன்னத்தில் கிரீஸைப் பூசிக்கொண்டு நின்றதால் அந்தப் பட்டம்.

அவள் வந்த விதம் சொல்கிறேன். அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர். அவர்தான் கூட்டி வந்தார். "எதைச் சொன்னாலும் எதுக்குன்னு கேட்கறாம்மா. குளின்னா எதுக்கு. படின்னா எதுக்கு. சாப்பிடுன்னாலும் எதுக்கு. நான் என்னம்மா பதில் சொல்ல?" என்று அக்காவிடம் கண் கலங்கினார். அக்கா அந்தப் பெண்ணிடம் திரும்பினார்.

"இந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் பிடி."

"எதுக்கு?"

"எனக்கும் தெரியலை. கையை விட்டா விழுந்துடும், அது மட்டும் தெரியுது. பிடி."

பிடித்தாள். கேள்விக்குப் பதில் கிடைத்ததா? கிடைக்கவில்லை. ஆனால் மறுநாளும் வந்தாள். அவளுக்கு டெய்லரம்மாவைக் காட்டினார்கள். டெய்லரம்மாவுக்குக் கால் இரண்டும் வராது. கை மெஷினில் தைப்பவர். துணிக்கடைக்குப் போய் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார். துணி நுனி சக்கரத்தில் மாட்டிக் கிழிந்துகொண்டே இருந்தது. கிரீஸ் அவர் போகிற வழியில் போய் வந்தாள், யோசித்தாள், ஒரு பிளாஸ்டிக் வாளியின் மூடியை வெட்டிச் சக்கரத்துக்குத் தடுப்பு வைத்தாள்! அக்கா அந்தத் தடுப்பை மாடி மாடியாகக் கொண்டுபோய்க் காட்டினார். லிஃப்டில் எனக்கு மட்டும் மூன்று தடவை காட்டினார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் கிரீஸ் அந்த இடது சக்கரத்தைக் கழற்றினாள். பேரிங் மாற்ற வேண்டும். மறுநாள் காலையில் வந்து மாட்டுகிறேன் என்று போனாள். மறுநாள் காலையில் அக்கா இல்லை. அன்றிலிருந்து கிரீஸும் வரவில்லை.

அறையின் சாவியை வேறு ஆள் வரும்வரை என்னிடம் வைத்திருக்கச் சொன்னார் கண்காணிப்பாளர் ஐயா. நான் போனேன், அவளுடைய வீட்டுக்கு. பக்கத்துத் தெரு, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒரு லிஃப்ட்காரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? மூச்சு வாங்க ஏறிப் போனால், அப்பாக்காரர் என்னை உள்ளறைக் கதவுக்கு எதிரே உட்கார வைத்தார். "சாப்பாட்டை வாசல்ல வைக்கறோம் தாத்தா. பாதி நாள் அப்படியே இருக்கு. டாக்டரம்மா வந்து பேசினாங்க, அவங்ககிட்ட மட்டும் ரெண்டு வார்த்தை பேசினா" என்றார். நான் கதவைப் பார்த்துப் பேசினேன்.

"கிரீஸு, டெய்லரம்மா காத்துக்கிட்டிருக்காங்கம்மா."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு உள்ளிருந்து குரல் வந்தது.

"தாத்தா, நான் டெய்லரம்மாவுக்காக வந்தேன்னு நினைச்சீங்களா?"

"பின்னே?"

"நான் உள்ளே நுழையும்போது அக்கா தலையைத் தூக்காமலே 'வந்துட்டியா'ன்னு கேட்பாங்க. அதுக்காகத்தான் வந்தேன். இப்ப யார் கேட்பாங்க? நான் எதுக்கு வரணும்?"

சபையோரே, நான் அந்த மூன்று மாடியையும் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. நாம் எல்லோரும் என்ன நினைத்தோம்? அக்கா பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார், ஒரு நோக்கத்தைக் கொடுத்தார் என்றுதானே நினைத்தோம்? இந்த மேடையில் மாறி மாறி அதைத்தானே பேசினோம்? அந்தப் பிள்ளை ஒரே பேச்சில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டாளே! அப்படியென்றால் அக்கா கொடுத்தது நோக்கத்தையா, தன்னையா? தன்னையே கொடுத்துவிட்டுத் தானும் போய்விட்டால் அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? அக்காவை மனசுக்குள்ளேயே திட்டினேன். "இப்படிப் பண்ணலாமா அக்கா?" என்று திட்டினேன். பிறகு, வந்துட்டியா என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் எந்த நோக்கம்தான் நிற்கும் என்றும் தோன்றியது. எது சரி? ராத்திரி ஒன்று சரி என்று படுகிறது, விடிந்தால் மற்றது சரி என்று படுகிறது.

இதற்கிடையில் டெய்லரம்மா நிலைமை என்ன? வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். துணிக்கடைக்காரர் வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார். கண்காணிப்பாளர் ஐயா நாளைக் காலையில் வெளி மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கிறார். அது அவருடைய கடமை, நான் குறை சொல்ல மாட்டேன். மெக்கானிக் வந்தால் டீ ஆறுவதற்குள் சக்கரத்தை மாட்டிவிடுவார். மாட்டிவிட்டால் டெய்லரம்மா பிழைப்பார். ஆனால் கிரீஸுக்கு என்ன தெரியவரும்? அவள் வராவிட்டாலும் எதுவும் நிற்கவில்லை என்று தெரியவரும். மெக்கானிக்குக்கு நான் அக்காவின் அறைக் கதவைத் திறப்பதா, வேண்டாமா? அக்கா இருந்தால் அவரைக் கேட்பேன். அக்கா இருந்தால் இந்தக் கேள்வியே வராது.

கடைசியில் அக்கா அன்றைக்குக் குமாஸ்தா ஐயாவைக் கேட்டது போல, நாற்காலிக்கு உரியவரையே கேட்பது என்று முடிவு செய்தேன். இன்று டெய்லரம்மா கூட்டத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கியதும் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்குள்ளிருந்து வந்த பேச்சையும் மறைக்காமல் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

"அக்காவுக்காக வந்தாளா? வந்துட்டுப் போகட்டும்" என்றார். "அவ அக்காவுக்காக வந்திருக்கலாம். நான் தினம் வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தது அவளுக்காகத்தான். அது அவளுக்குத் தெரியாதில்ல? நான் ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சரிம்மா, நாளைக்கு மெக்கானிக் வர்றார். என்ன செய்யட்டும்?"

"காலையில வரட்டும். அவ வரலேன்னா அவரே மாட்டட்டும். எனக்கும் வயிறு இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி, இன்னைக்கே, நான் அவ வீட்டுக்குப் போகணும்."

"போய் என்ன சொல்லுவீங்க?"

"தெரியலை. அக்காவுக்காக அவளும் அழுதுக்கிட்டிருக்கா, நானும் அழுதுக்கிட்டிருக்கேன். தனித்தனியா எதுக்கு?"

எனக்கு அது முழுதாகப் புரிந்ததா? இல்லை. ஆனால் இந்த ஒரு மாதத்தில் என் காதில் விழுந்த பேச்சில், இது ஒன்றைத்தான் உடனே எழுந்து போய்ச் செய்ய முடியும் போல இருக்கிறது.

உறுதிமொழி எடுக்கும் இடம் வந்துவிட்டது. அக்காவின் பணியைத் தொடருவோம் என்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்குப் பின்னால் வாசிப்பார்கள். வாசிக்கட்டும், நானும் கைதட்டுவேன். அதற்கு முன் மேடையில் இருப்பவர்களிடம் எனக்கு இரண்டு விண்ணப்பம். கண்காணிப்பாளர் ஐயா, டெய்லரம்மா இப்போது உட்கார்ந்திருப்பது அவசர சிகிச்சைப் பிரிவின் நாற்காலி. கேட்டைத் தாண்டி அதைக் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். இன்று ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் பக்கத்துத் தெரு வரைக்கும் விட வேண்டும். தலையாட்டினீர்களா ஐயா, இல்லை தூக்கமா? ஆட்டினார், ஆட்டினார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா, நீங்களும் கூட வர வேண்டும். எங்களுக்குச் சொல்லத் தெரியாத இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே எழுந்துவிட்டீர்கள், நன்றி.

மிச்சம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டுப் படி குறுகல், இரண்டு இடத்தில் திரும்புகிறது. முன்னால் பிடிப்பவர்கள் கொஞ்சம் குள்ளமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் டெய்லரம்மா பின்பக்கமாகச் சரிந்துவிடுவார். மேலே போனால் அந்த உள்ளறைக் கதவு திறக்குமா? எனக்குத் தெரியாது. திறந்தால் அவள் என்ன சொல்வாள்? தெரியாது. நாளைக் காலையில் சக்கரத்தை மாட்டப்போவது அவளா, மெக்கானிக்கா? அதுவும் தெரியாது. தெரிந்துகொண்டு போகலாம் என்று உட்கார்ந்திருந்தால் விடிந்துவிடும்.

அக்காவைக் கொண்டுபோன அன்றைக்குத் தோள் கொடுக்க எத்தனை பேர் முட்டி மோதினீர்கள்! இறந்தவருக்கு அவ்வளவு பேர் என்றால், உயிரோடு இருக்கிற இந்த அம்மாவை மூன்று மாடி தூக்க எனக்கு நாலு பேர் வேண்டும். கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். குமாஸ்தா ஐயா, நீங்கள் எதற்குக் கையைத் தூக்குகிறீர்கள்? உங்களைத் தூக்க நான் தனியாக ஆள் தேட வேண்டும்! படவா, நீ வா, நீ முன்னால் பிடி. ஸ்டோர்க்காரர் பின்னால். போதும், போதும், எல்லோரும் எழுந்தால் எப்படி? நாலு பேர்தான் கேட்டேன். மற்றவர்கள் வழியை விட்டு நில்லுங்கள், அம்மா கிளம்பட்டும்.